யார் போட்ட விளக்கு?

மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை

போன செமஸ்டரில் நம் புராஜெக்ட் லேபில் நடந்த ஒரு கூத்தோடு இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன். நேரில் பார்த்தவர்கள் இன்னொரு முறை சிரித்துக்கொள்ளலாம்.

எங்கள் பேட்சில் நான்கு பேர். எடுத்துக்கொண்ட தலைப்பு "யானை நடமாட்ட எச்சரிக்கை விளக்கு". ஒரு கையில் ரிமோட், லேபின் மறுகோடியில் ஒரு பெட்டி. பட்டனை அமுக்கினால் பெட்டியின் தலையில் சிவப்பு விளக்கு எரியும், சைரன் அலறும். உள்ளே இருப்பது நாம் எல்லாரும் வாங்குகிற அதே சரக்குதான்: 433 மெகாஹெர்ட்ஸ் ஆர்.எஃப். மாட்யூல், எச்.டி.12.ஈ என்கோடர், எச்.டி.12.டி டிகோடர், ஒரு ரிலே. துறைத் தலைவர் ரிவ்யூவுக்கு வந்து நின்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், இந்த பட்டனை..." என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், பட்டனைத் தொடாமலேயே சைரன் அலறிவிட்டது. அணைந்தது. மறுபடி அலறியது. ரிமோட் மேசை மேலேயே கிடக்கிறது!

பக்கத்து பெஞ்சில் இரண்டாம் ஆண்டுப் பையன்கள் ஒரு ரோபோ காரை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கார் இடப்பக்கம் திரும்பினால் எங்களுக்கு யானை வருகிறது. அவர்களும் அதே மாட்யூல், அதே என்கோடர். அதில் முகவரிக்கென்று 8 பின்கள் இருக்கின்றன, 256 முகவரி வைக்கலாம். சோம்பேறித்தனத்தில் நாங்கள் எட்டையும் கிரவுண்டில் கட்டியிருந்தோம். அவர்களும் அப்படியே.

துறைத் தலைவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒன்று கேட்டார்: "விளக்கு எரியுது, சரி. யாரு போட்டதுன்னு அதுக்குத் தெரியுமா?"

முகவரியை மாற்றிக் கட்டினால் அன்றைய பிரச்சினை தீர்ந்திருக்கும். ஆனால் 256 முகவரிதானே? பொழுது போகாத ஒருவன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஒரு டீ குடிக்கும் நேரம் கூட ஆகாது. அவ்வளவு கூட வேண்டாம். நாங்கள் ஒருமுறை அமுக்கும்போது காற்றில் போகிற சிக்னலைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது திருப்பி அனுப்பினால் போதும். சார் கேட்ட கேள்விக்கு விடை தேடியதில்தான் நான் பப்ளிக் கீ கிரிப்டோகிராஃபி என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தேன். நம் சிலபஸில் அது அரைப் பக்கம். எங்கள் ஊருக்கு அது அரைப் பக்க விஷயம் இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கம்

நான் பந்தலூர்ப் பக்கம். எஸ்டேட் லைன் வீடு. இலங்கையில் இருந்து வந்த என் பாட்டி இன்னும் "லயம்" என்றுதான் சொல்லும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைசி பஸ்ஸை விட்டு இறங்கி, மிஸ்ட்டில் பத்தடிக்கு மேல் கண் தெரியாமல், தேயிலைச் செடிக்கு நடுவே இருக்கிற குறுக்குப் பாதையில் வீட்டுக்கு நடக்கிற எல்லாருக்கும் ஒரே பயம்தான். யானை நம்மைத் தேடி வருவதில்லை. அது பாட்டுக்கு ஒரு காட்டில் இருந்து இன்னொரு காட்டுக்குப் போகிற வழியில் நிற்கிறது. நிற்பது தெரியாமல் நாம் போய் முட்டிக்கொள்கிறோம்.

ஆகவே "இன்று இந்தப் பக்கம் யானை நிற்கிறது" என்று ஒரே ஒரு சேதி நேரத்துக்கு வந்தால் ஓர் உயிர் தப்பும். இதை நிஜமாகவே செய்து காட்டிய இடம் நமக்கு ரொம்பத் தூரம் இல்லை. ஆனைமலையில் உள்ள வால்பாறையும் நம் ஊர் மாதிரியே காடு சூழ்ந்த தேயிலை மேடு. அங்கே நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள், வனத்துறையோடும் எஸ்டேட்டுகளோடும் சேர்ந்து, யானை நிற்கும் இடத்தை முதலில் உள்ளூர் கேபிள் டி.வி.யில் ஓடவிட்டார்கள். பிறகு 2011 முதல் எஸ்.எம்.எஸ். அனுப்பினார்கள். அதோடு மேடான இடங்களில் கம்பம் நட்டு சிவப்பு எல்.இ.டி. விளக்குகளையும் வைத்தார்கள். பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். பொறுப்புக் கொடுக்கப்பட்டவர் தன் செல்லில் இருந்து அழைத்தால் விளக்கு எரியும். படிக்கத் தெரியாதவருக்கும், செல் இல்லாதவருக்கும், தமிழ் தெரியாத வடநாட்டுத் தொழிலாளிக்கும் சிவப்பு விளக்கு புரியும். இந்தப் பணிக்காக ஆனந்த குமார் என்ற ஆய்வாளருக்கு 2015-ல் இங்கிலாந்தின் விட்லி விருது கிடைத்தது.

என்னைக் கேட்டால், இதில் பெரிய கண்டுபிடிப்பு எலக்ட்ரானிக்ஸ் அல்ல, ஜனங்கள் அந்த விளக்கை நம்பத் தொடங்கியதுதான். "புலி வருது புலி வருது" கதை நமக்குத் தெரியும். மூன்று நாள் சும்மா எரிந்த விளக்கை நாலாவது நாள் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நாலாவது நாள் நிஜமாகவே ஒற்றை யானை நின்றால்?

டல்லாஸில் ஒரு ராத்திரி

வால்பாறை விளக்கை யாரும் ஏமாற்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் இதே மாதிரியான எச்சரிக்கைக் கருவியை ஏமாற்றியது அமெரிக்காவில் நடந்திருக்கிறது. டெக்சாஸ் மாநிலம், டல்லாஸ் நகரம். சுழல்காற்று வரும்போது ஜனங்களை உஷார்ப்படுத்த ஊரெங்கும் 156 சைரன்கள் வைத்திருந்தார்கள். 2017 ஏப்ரல் 7, வெள்ளிக்கிழமை இரவு 11.42 மணிக்கு 156-ம் ஒரேயடியாக அலறின. வானத்தில் மேகம்கூட இல்லை. நிறுத்த நிறுத்தத் திரும்பத் திரும்ப அலறி, கடைசியில் மொத்த அமைப்பையும் அணைத்தபோது மணி 1.20. அவசர உதவி எண்ணுக்கு 4,400-க்கும் மேல் அழைப்புகள் வந்து குவிந்தன. நிஜமாகவே நெஞ்சு வலியோடு ஒருவர் அந்த நேரத்தில் அழைத்திருந்தாலும் வரிசையில்தான் நின்றிருக்க வேண்டும்.

செய்தவன் எந்தக் கம்ப்யூட்டருக்குள்ளும் நுழையவில்லை. சைரனுக்குப் போகிற ரேடியோ சிக்னலைக் கொண்டே காரியத்தை முடித்துவிட்டான். எங்கள் லேபில் ரோபோ கார் செய்த வேலைதான், ஒரு நகரத்தின் அளவில்! சைரனுக்குக் கேட்ட சிக்னல் சரியாக இருந்தது. யார் அனுப்பியது என்று கேட்கும் புத்தி அதற்கு இல்லை. அதற்குப் பிறகுதான் அந்த நகராட்சி சிக்னலுக்கு மறையீடு சேர்த்தது.

"செல் நம்பர் பார்த்துத்தானே விளக்கு எரியுது, அது போதாதா?" என்று என் பேட்ச்மேட் கேட்டான். நம் விவசாயிகள் பம்ப்செட்டுக்கு வைக்கிற மொபைல் ஸ்டார்ட்டரும் இப்படித்தான், பதிந்து வைத்த நம்பரில் இருந்து ரிங் வந்தால் மோட்டார் ஓடும். ஆனால் திரையில் தெரிகிற நம்பர் ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதுதான், அத்தாட்சி அல்ல. 2024 அக்டோபரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, வெளிநாட்டில் இருந்து இந்திய நம்பர் போலவே வேஷம் போட்டு வரும் அழைப்புகளைப் பிடிக்க ஓர் அமைப்பைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் சிக்கியவை 1.35 கோடி! நம்பரை நம்பி மோட்டார் ஓட்டலாம். உயிர் விஷயத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ரகசியத்தைக் கம்பத்தில் தொங்கவிடலாமா?

சரி, பாஸ்வேர்டு வைப்போம். செய்தியோடு ஒரு ரகசியச் சொல்லும் வந்தால்தான் விளக்கு எரியும் என்று வைப்போம். காற்றில் அது அப்படியே தெரியாமல் ஏ.இ.எஸ். முறையில் மறைத்தும் அனுப்புவோம். நானும் அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். (2016-ல் மிராய் என்ற புழு, கடையில் இருந்து வந்தபடியே மாற்றாமல் விட்ட அறுபதுக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்துக்கொண்டே உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. "அட்மின்", "12345" போடுகிறவர்கள் கவனிக்கவும்.)

ஆனால் எங்கள் பெட்டி எங்கே இருக்கப் போகிறது? ஏ.சி. ரூமில் பூட்டிய சர்வர் அல்ல அது. சோலை ஓரத்தில், ஆளில்லாத இடத்தில், ஒரு கம்பத்தில். ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் பத்து நிமிஷத்தில் கழற்றி எடுத்துப் போகலாம். வீட்டில் உட்கார்ந்து சாவகாசமாக மெமரி சிப்பைப் படிக்கலாம். பெட்டி சரிபார்க்க வேண்டுமென்றால் அந்த ரகசியம் பெட்டிக்குள்ளும் இருந்தாக வேண்டும். அதே ரகசியம்தான் அனுப்புகிறவரிடமும். ஆக ஒரு பெட்டி திருடு போனால், அந்த ரகசியத்தைப் பங்கு போட்டுக்கொண்ட இருபது விளக்கும் திருடன் கைக்குப் போய்விட்டது.

1976 வரை உலகத்துக்கே இதுதான் நிலைமை. பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி. அந்த ஆண்டு டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் சாவியை இரண்டாகப் பிரிக்கலாம் என்று எழுதினார்கள். ஒன்றை ஊருக்கே கொடுக்கலாம், மற்றதை நாம் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் அதைச் செய்து காட்டும் கணக்கைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் பெயரின் முதலெழுத்துத்தான் ஆர்.எஸ்.ஏ. இங்கிலாந்தின் உளவுத் துறையில் கிளிஃபோர்டு காக்ஸ் என்பவர் 1973-லேயே இதைக் கண்டுபிடித்து, சொல்லக் கூடாது என்பதால் சும்மா இருந்தாராம். 1997-ல்தான் வெளியே வந்தது. பாவம்.

நமக்கு வேண்டியது இதன் கையொப்பப் பக்கம். ஸ்காலர்ஷிப் பாரத்தில் அட்டெஸ்டேஷன் வாங்குகிறோம் அல்லவா? பச்சை மையைப் பார்த்ததும் ஆபீஸர் கையெழுத்து என்று கிளார்க் ஏற்றுக்கொள்கிறார். பச்சை மைப் பேனா எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஹாஸ்டலில் எல்லாருக்கும் தெரியும், மேலே எழுத விரும்பவில்லை. "பார்த்தால் யாரும் சரிபார்க்கலாம், ஆனால் ஒருவர்தான் போட முடியும்" என்பது பச்சை மையில் நடக்காது. கணக்கில் நடக்கும்.

கால்குலேட்டரை எடுங்கள்

இரண்டு பகா எண்கள்: 3, 11. பெருக்கினால் 33. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்துப் பெருக்கினால் 2 × 10 = 20. இப்போது பெருக்கி 20-ஆல் வகுத்தால் மீதி 1 வரும்படி இரண்டு எண்கள் வேண்டும். 3-ம் 7-ம் சரி, ஏனென்றால் 21-ஐ 20-ஆல் வகுத்தால் மீதி 1.

பொதுச் சாவி: 33, 3. இதைப் பெட்டிக்குள் எழுதிவிடுங்கள். பெட்டியின் மேல் பெயின்டிலேயே எழுதினாலும் தப்பில்லை. தனிச் சாவி: 7. இது வாட்ச்சர் அண்ணன் செல்லுக்குள் மட்டும்.

"4-ஆம் நம்பர் விளக்கைப் போடு" என்பதை 4 என்று வைத்துக்கொள்வோம். வாட்ச்சர் 4-ஐ ஏழு முறை பெருக்குகிறார்: 16,384. அதை 33-ஆல் வகுத்தால் மீதி 16. இந்த 16-தான் கையொப்பம். "4, 16" என்று அனுப்புகிறார்.

பெட்டி என்ன செய்யும்? 16-ஐ மூன்று முறை பெருக்கும்: 4,096. 33-ஆல் வகுத்தால் மீதி 4. வந்த செய்தியும் 4. விளக்கு எரியலாம். நடுவில் ஒருவன் குருட்டாம்போக்கில் "4, 20" என்று அனுப்பினால், 20-ஐ மூன்று முறை பெருக்கி 8,000, மீதி 14. 14-ம் 4-ம் ஒன்றல்ல, போடா என்று சொல்லிவிடும்.

பெட்டிக்குள் 7 எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதைக் கழற்றிக்கொண்டு போகிறவனுக்கு 33, 3 கிடைக்கும். அது ஏற்கெனவே ஊருக்கே தெரிந்தது. கம்பத்தில் தொங்குகிற பெட்டியில் திருடுவதற்கு ஒன்றுமே இல்லை! இது எனக்குப் புரிந்த அன்று ராத்திரி ஹாஸ்டலில் தூக்கம் வரவில்லை என்றால் நம்புவீர்களா?

33-ஐப் பார்த்து 3 × 11 என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் பிரித்துவிடும், பிரித்தால் 7-ஐக் கண்டுபிடித்துவிடலாம். நிஜத்தில் போடுகிற எண் 617 இலக்கம். 2020 பிப்ரவரியில் ஆராய்ச்சியாளர்கள் பிரித்துக் காட்டிய சவால் எண் 250 இலக்கம்தான். அதற்கே ஒரு ப்ராசஸர் கோர் தனியாகச் செய்தால் 2,700 வருஷம் ஆகும் அளவு வேலை. அதே போல நிஜத்தில் செய்தியை நேரடியாகப் பெருக்குவதில்லை, செய்தியில் இருந்து ஹாஷ் என்ற 32 பைட் சாரத்தை எடுத்து அதன் மேல் கையொப்பம் போடுகிறோம்.

எஸ்.எம்.எஸ்.ஸுக்குள் அடங்குமா?

மலையில் எல்லா வளைவிலும் இண்டர்நெட் கிடைப்பதில்லை. எங்கள் இரண்டாவது பெட்டியில் ஈ.எஸ்.பி.32 வைத்தோம், சிக்னல் நன்றாக இருந்தால் டேட்டா, இல்லாவிட்டால் எஸ்.எம்.எஸ். என்று ஏற்பாடு. எஸ்.எம்.எஸ். 160 எழுத்து. 617 இலக்க ஆர்.எஸ்.ஏ. கையொப்பம் 256 பைட், எழுத்தாக மாற்றினால் 344. ஒரு விளக்குப் போட மூன்று எஸ்.எம்.எஸ். அதில் ஒன்று நாளைக்குக் காலையில் வந்து சேரும், நம் ஊர் டவரைப் பற்றித் தெரியுமே.

இங்கேதான் எலிப்டிக் கர்வ் கைகொடுத்தது. 1985-ல் கோப்ளிட்ஸ், மில்லர் இருவரும் தனித்தனியாகச் சொன்ன முறை. பகா எண்களாகப் பிரிப்பதற்குப் பதிலாக ஒரு வளைகோட்டின் மேலுள்ள புள்ளிகளை வைத்துக் கணக்குப் போடுகிறது. 2011-ல் வந்த ஈ.டி.25519 என்ற வகையில் பொதுச் சாவி 32 பைட், கையொப்பம் 64 பைட். எழுத்தாக மாற்றினால் 88. செய்திக்கு இன்னும் 72 எழுத்து மிச்சம், ஒரே எஸ்.எம்.எஸ்.ஸில் முடிந்தது. லோரா வைக்கலாமா என்றும் யோசித்தோம். லோராவேனில் மெதுவான வேகத்தில் ஒரு செய்திக்கு 51 பைட்தான், கையொப்பமே அதை விடப் பெரிது. ஆகவே விட்டுவிட்டோம்.

குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தால் ஆர்.எஸ்.ஏ., எலிப்டிக் கர்வ் இரண்டும் போகும் என்று அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2024 ஆகஸ்டில் புதிய தரங்களை வெளியிட்டது. அதில் எம்.எல்.டி.எஸ்.ஏ. என்ற முறையின் மிகச் சிறிய கையொப்பமே 2,420 பைட். சுமார் இருபது எஸ்.எம்.எஸ்.! அடுத்த பேட்ச் பார்த்துக்கொள்ளட்டும்.

நேற்றைய செய்தி

கையொப்பம் வந்ததும் பெரிய ஆளாகிவிட்டோம் என்று நினைத்தோம். ரோபோ கார்ப் பையன்களையே கூப்பிட்டு, "முடிஞ்சா எரிய வைங்கடா" என்றோம். அவர்களில் ஒருவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, நாங்கள் அனுப்பிய பழைய செய்தியை அப்படியே திருப்பி அனுப்பினான். எரிந்தது! "4, 16" நேற்றும் சரி, இன்றும் சரி, அடுத்த பொங்கலுக்கும் சரி. கணக்குக்கு நாள் கிழமை தெரியாது.

பரிகாரம் எளிது. ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் கொடுத்து, அந்த எண்ணையும் சேர்த்துக் கையொப்பமிட வேண்டும். பெட்டி கடைசியாகப் பார்த்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, அதைவிடப் பெரிய எண் வந்தால் மட்டும் ஏற்க வேண்டும். செய்தோம். மறுநாள் மழை, கரண்ட் போனது, வந்தது. அந்தப் பையன் மறுபடி பழைய செய்தியை அனுப்ப, மறுபடி எரிந்தது. எண்ணை ராமில் வைத்திருந்தோம், கரண்ட் போனதும் பூஜ்யம். இதை எழுத வெட்கமாக இருந்தாலும் உங்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். இப்போது எண் ஃப்ளாஷ் மெமரியில் எழுதப்படுகிறது.

பெட்டிக்கும் ஒரு சாவி

விளக்கு பொய்யாக எரிவதைத் தடுத்தாயிற்று. எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் போனால்? கம்பியை அறுத்தாலோ, பேட்டரி செத்தாலோ, மரம் விழுந்தாலோ எந்தக் கையொப்பமும் காப்பாற்றாது. ஆகவே அரை மணிக்கு ஒரு தரம் பெட்டி "உயிரோடு இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அதையும் இன்னொருவன் போலியாகச் சொல்லிவிடக் கூடாதே? அப்படியானால் பெட்டிக்கும் சொந்தமாக ஒரு தனிச் சாவி வேண்டும். திருடுவதற்கு ஒன்றுமில்லை என்று சந்தோஷப்பட்டேனே, அதில் ஒரு சின்னத் திருத்தம். ஆனால் இந்தச் சாவி அந்த ஒரு பெட்டியின் பேச்சுக்கு மட்டும்தான். திருடினால் அந்த ஒரு பெட்டிதான் போகும்.

இந்தச் சாவியைப் பெட்டியே பிறக்கும்போது உண்டாக்கிக்கொள்ள வேண்டும், அதற்கு யாரும் ஊகிக்க முடியாத எண் வேண்டும். குட்டிக் கருவிகள் தடுக்கி விழுவது இங்கேதான். மௌஸ் இல்லை, கீபோர்டு இல்லை, பவர் போட்டதும் ஒரே மாதிரி எழுந்திருக்கிற பெட்டிகள் ஒரே மாதிரியான எண்ணைத்தான் யோசிக்கும். 2012-ல் நாடியா ஹெனிங்கர் முதலிய ஆராய்ச்சியாளர்கள் இண்டர்நெட் முழுவதும் தேடி லட்சக்கணக்கான பொதுச் சாவிகளைச் சேகரித்தார்கள். பல ரவுட்டர்களும் அது போன்ற பெட்டிகளும் இரண்டு பகா எண்ணில் ஒன்றைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டிருந்தன. பகிர்ந்தால் என்ன ஆகும்? நம் 33-ஐயும், வேறொரு பெட்டியின் 187-ஐயும் எடுங்கள். பத்தாம் வகுப்பில் படித்த யூக்ளிட் முறைதான்:

187-ஐ 33-ஆல் வகுத்தால் மீதி 22. 33-ஐ 22-ஆல் வகுத்தால் மீதி 11. 22-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 0. மீ.பொ.வ. 11.

முடிந்தது கதை! 33 = 3 × 11, 187 = 11 × 17. இரண்டு பூட்டும் திறந்துவிட்டது. 617 இலக்கமாக இருந்தாலும் இந்தக் கணக்கு கண் மூடித் திறப்பதற்குள் முடியும். அப்படியே, மறையீட்டோடு பேசிய கருவிகளில் நூற்றுக்கு அரைப் பங்கின் தனிச் சாவிகளை அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். மீ.பொ.வ. எதற்குப் படிக்கிறோம் என்று நான் அந்த வகுப்பில் கேட்டேன். கணக்கு சார் பதில் சொல்லவில்லை.

நாங்கள் வைத்த ஈ.எஸ்.பி.32-க்குள் நிஜமான தற்செயல் எண் தருகிற பகுதி இருக்கிறது. ஆனால் வைஃபையோ புளூடூத்தோ ஓடிக்கொண்டிருந்தால்தான் அது முழுதாக நம்பத் தக்கது என்று அதன் கையேட்டில் போட்டிருக்கிறார்கள். பேட்டரி மிச்சம் பிடிக்க நாங்கள் இரண்டையும் அணைத்து வைத்திருந்தோம். கையேட்டைப் படித்தவள் எங்கள் பேட்சில் ஒருத்திதான், அவள் சொல்லியிராவிட்டால் நாங்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்திருப்போம். அதே சிப்பில் ஒருமுறை எரித்தால் மாற்ற முடியாத ஃப்யூஸ்கள் உண்டு, நம் புரோகிராமைத் தவிர வேறெதையும் அது ஓட்டாதபடி பூட்டிவிடலாம். பூட்டும்போது நான் தவறான சாவியை எரித்துவிட்டேன். ஒரு போர்டு காலி.

பூட்டுப் படம் இருந்தால் போதுமா?

டேட்டா வழியாகப் போகும்போது டி.எல்.எஸ். இருக்கிறதே, பிரவுசரில் வரும் பூட்டுப் படம், அது போதாதா என்று வைவாவில் கேட்டார்கள். டி.எல்.எஸ்.ஸும் பப்ளிக் கீ முறையில்தான் தொடங்குகிறது. சான்றிதழைக் காட்டி, ஒரு தற்காலிகச் சாவியைப் பேசி முடிவு செய்து, பிறகு வேகத்துக்காக ஏ.இ.எஸ்.ஸுக்கு மாறிவிடும். ஆனால் அது பெட்டிக்கும் நடுவில் உள்ள சர்வருக்கும் இடைப்பட்ட ரோட்டை மட்டும் காக்கிறது. சர்வரைப் பார்த்துக்கொள்கிறவரின் பாஸ்வேர்டு போனால், அத்தனை விளக்கும் போச்சு. கையொப்பம் செய்தியோடு ஒட்டிக்கொண்டே வருகிறது, நடுவில் எத்தனை சர்வர் இருந்தாலும் கவலை இல்லை. நாங்கள் இரண்டையும் வைத்தோம்.

டி.எல்.எஸ். வைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. சான்றிதழுக்கு ஆயுள் உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று ஒரு பழைய வேர்ச் சான்றிதழ் காலாவதியானது. புதியதை அறியாத பழைய கருவிகள் பல அன்று இண்டர்நெட்டோடு பேச முடியாமல் நின்றன. கம்பத்தில் பத்து வருஷம் தொங்கப் போகிற பெட்டிக்கு யார் ஏறிப் புதுச் சான்றிதழ் போடுவது?

வைவாவில் கேட்ட இன்னொரு கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை, பிறகு தேடிப் பார்த்தேன். வாட்ச்சரே தவறாகப் பட்டனை அமுக்கினால்? 2018 ஜனவரி 13 அன்று ஹவாயில் ஏவுகணை வருகிறது என்று எல்லார் செல்லுக்கும் எச்சரிக்கை போனது. அனுப்பியது உண்மையான அலுவலகம், உண்மையான ஊழியர். தவறு என்று மறுசெய்தி வர 38 நிமிஷம் ஆனது. கையொப்பம் யார் சொன்னது என்றுதான் சொல்லும், சொன்னது நிஜமா என்று சொல்லாது. அதனால் எங்கள் பெட்டியில் "அணை" என்ற செய்தியும் கையொப்பத்தோடு உண்டு. வாட்ச்சர் செல் தொலைந்தால் அவருடைய பொதுச் சாவியை நீக்க அலுவலகச் சாவியில் கையொப்பமிட்ட தனிச் செய்தி உண்டு.

லீவில் ஊருக்குப் போனபோது பெட்டியை எடுத்துப்போய்ப் பாட்டியிடம் காட்டினேன். கையொப்பம், பகா எண் எல்லாம் சொல்லி முடித்தேன். பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அப்போ ஃபேக்டரிச் சங்கை வேற எவனும் ஊத முடியாதுங்கற, அவ்வளவுதானே?" என்றது. அவ்வளவுதான். பிறகு, "மழையில நனையுமா?" என்று கேட்டது.

நனைகிறது. ஜூலை மழையில் இரண்டே நாளில் பெட்டிக்குள் நீர் கோத்து ரிலே ஒட்டிக்கொண்டது. அதை மட்டும் நாங்கள் இன்னும் சரிசெய்யவில்லை. சர்க்யூட், புரோகிராம், கெட்டுப்போன போர்டு எல்லாம் புராஜெக்ட் லேபின் இரண்டாவது அலமாரியில் இருக்கின்றன. தொடர விரும்பும் இரண்டாம் ஆண்டு நண்பர்கள் லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் சாவி வாங்கிக்கொள்ளலாம். ரோபோ கார்ப் பையன்களுக்கு முன்னுரிமை.